கோயில்பிள்ளைக்கு வைத்த பட்டப்பெயர்

அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவர் கோயில்பிள்ளைதான் என்ற ஆத்திரத்தைக் கொத்தனார் பதினோரு வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்தார்.

அந்த ஊரே இருநூறு வருஷத்து மாதா கோயிலைச் சுற்றி முளைத்தது. கோபுரத்துக் கடிகாரம் அடித்தால்தான் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கதவைத் திறக்கும். அதற்குச் சாவி கொடுப்பது, கோயிலைப் பெருக்குவது, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் கோயில்பிள்ளை வேலை. தொண்ணூற்றாறு படியை ஒரு காலை இழுத்து இழுத்தே ஏறுவார்.

அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்று, கோபுரத்தில் மூன்று அடித்ததைக் கேட்டுத்தான் கொத்தனார் கிளம்பினார். மூன்றரைக்கு ரயில். ஸ்டேஷனில் தண்டவாளம்தான் இருந்தது. கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்தங்கிப் போயிருந்தது. அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர், பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்துக் கோயில்பிள்ளையை வாசலில் மறித்தார்.

"ஒரு சாவி குடுக்க வக்கில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா மணி? இனிமே உன் பேரு லேட்டு."

கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் தம்பி."

பேர் ஒட்டிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போன வீட்டில்கூட, "லேட்டு வீட்டுக் கல்யாணமா? மத்தியானம் வந்தா போதும்ல?" என்றார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு வந்தார்.

இந்த வருஷ மழையில் கோபுரம் ஒழுகியது. கோயில்பிள்ளை அதற்குள் படுத்த படுக்கை. பங்குச் சாமியார் கொத்தனாரை மேலே அனுப்பினார். கடிகாரப் பெட்டிக்குள், எண்ணெய்க் குப்பிக்குப் பின்னால், மடித்து வைத்த சாக்கு ஒன்று இருந்தது. ஓரத்தில் கொத்தனார் தன் சாக்குகளுக்கு அடையாளமாகப் போடும் சிவப்பு நூல் தையல். அம்மா செத்த வாரம் அந்த அறைக்குச் சுண்ணாம்பு பூசியவர் அவர்தான். தூசி விழக்கூடாதென்று கடிகாரத்தின் மேல் போர்த்தியதை எடுக்க மறந்திருக்கிறார். பெண்டுலம் உரசி உரசிச் சாக்கு பிறை மாதிரி தேய்ந்திருந்தது.

பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சாக்கோடு போய்க் கோயில்பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"ஏண்ணே சொல்லல?"

"அம்மாவைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிற. அது உன் கையாலதான்னு எப்படிடா சொல்றது? நானும் கால் வீங்கிப்போயி அந்த வாரம் மேல ஏறல. திட்டத்தான செஞ்ச, திட்டுனா உடம்புலயா ஒட்டுது?"

"ஒட்டிடுச்சேண்ணே."

"பழகிப்போச்சு. மருமகனே என் முதுகுக்குப் பின்னால அப்படித்தான் சொல்றான்."

கோயில்பிள்ளை தலையணைக்கடியில் துழாவிச் சாவியை எடுத்துக் கொத்தனார் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில அறுபது சுத்து குடுத்துடு. தூசி விழுந்தா விழட்டும் தம்பி. மேல எதையும் போத்திடாத."