பத்துக்குப் பத்து கொட்டகை

என் சித்தப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'சட்டம்'. தம் இரண்டு ஏக்கர் காய்கறித் தோட்டத்தில் எந்தக் காலத்திலும் வீடு எழும்பக் கூடாது என்று விளைநிலக் காப்பு அலுவலகத்தில் தாமாகவே எழுதிக்கொடுத்தவர். சுற்றிலும் வயல்கள் மனைகளானபோது, "என் நிலத்துல கத்திரிக்காதான் முளைக்கும்" என்று மார்தட்டினார். அந்தக் காயைத்தான் ஊரே தின்றது. அவருக்கு அதில் கர்வம். எங்களுக்கும்தான், பொய் சொல்வானேன்.

கருவிகள் வைக்கப் பத்துக்குப் பத்தில் ஒரு கொட்டகைக்கு மட்டும் அனுமதி. அதில் ஆள் குடியிருக்கக் கூடாது. இதேபோல் எழுதிக்கொடுத்திருந்த பக்கத்து நிலத்துக்காரர் தம் கொட்டகையில் அடுப்பு மூட்டிய அன்றே சித்தப்பா புகார் எழுதிவிட்டார். புகாரின் நகலை அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அலுவலகத்தார் கொட்டகையை இடித்தார்கள். அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம் சித்தப்பாவின் மகள், கணவனோடு இனி வாழ முடியாது என்று ஒரு பையோடு வந்து நின்றாள். சித்தப்பாவும் சித்தியும் இருப்பதோ ஒற்றை அறை வாடகை வீடு. வீட்டுக்காரர் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். நிலத்தை விற்கலாமென்றால், வீடு கட்ட முடியாத நிலத்தை எவன் வாங்குவான்? அக்கா பேசாமல் மண்வெட்டிகளை வெளியே வைத்துவிட்டுக் கொட்டகையில் பாய் விரித்தாள். சித்தப்பா அந்த மண்வெட்டிகளை எடுத்து வேலியோரம் சாத்தினார்.

காப்பு அலுவலகத்து ஆய்வாளர் கொட்டகையைப் பார்க்க வரும் நாளில் நானும் போயிருந்தேன். பாய், பை, அடுப்பு எல்லாம் கத்திரிச் செடிகளுக்குள் ஒளிந்தன. மண்வெட்டிகள் உள்ளே திரும்பின. ஆணியில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியையும் சீப்பையும் மட்டும் எடுக்க மறந்துவிட்டோம்.

"என்னங்க, மண்வெட்டி தலை சீவிக்குதா?" என்றார் ஆய்வாளர்.



"என் பொண்ணு சார். போக்கிடம் இல்ல. கண்டுக்காம விட்டுடுங்க," என்றார் சித்தப்பா. அவர் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"நான் விட்டுடுவேங்க. ஆனா புகார் வந்திருக்கே."

ஆய்வாளர் நீட்டிய தாளைச் சித்தப்பா படித்தார். பக்கத்து நிலத்துக்காரர் கொடுத்தது. வரிக்கு வரி சித்தப்பா எழுதிய அதே புகார்; பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. கடைசி வரியில் அவர் விரல் நின்றது: 'விளைநிலத்தின் நலன் கருதி, இரக்கம் பாராமல் உடனே இடிக்க வேண்டுகிறேன்.'

"இதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே," என்றார் மெதுவாக.

அக்கா அதற்குள் செடிகளுக்குள் இறங்கித் தன் பையை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.