நோட்டீஸில் இருந்த புதன்கிழமை

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் உண்டு. பாறசாலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். இரண்டு விடைத்தாளில் ஒரே தப்பு இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று மோப்பம் பிடித்துவிடுவேன். சரியான விடையைக் காப்பியடித்தவன் தப்பிக்கலாம். தப்பைக் காப்பியடித்தவன் மாட்டியே தீருவான். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு நல்ல மனுஷரின் பெயரைக் கெடுத்தேன்.

என் கணவர் துணை விமானி. அமரவிளையில் இருக்கும் கேப்டன் ஒருவருக்கும் இவருக்கும் ஒரே கம்பெனி. டியூட்டி ஒத்துவரும் நாட்களில் அதியன்னூரில் எங்கள் வீட்டு முன்னால் கேப்டனின் கார் வந்து நிற்கும். இரண்டு முறை ஹார்ன். இவர் ஷூ லேஸைக்கூட காரில் ஏறித்தான் கட்டுவார். ஆறு வருஷம் இப்படியே போனது.

போன வருஷம் கம்பெனி புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. பறக்கும் நேரம் கூடும், ஓய்வு குறையும், கையெழுத்துப் போடாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை. பேச்சுவார்த்தை திரும்பத் திரும்ப முறிந்தது. கடைசியில் விமானிகள் எல்லோரும் ரகசியமாக ஒன்று தீர்மானித்தார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை ஒருத்தர் விடாமல் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவது. நிர்வாகம் முன்கூட்டி அறிந்தால் எல்லாம் பாழ்.

"ஏட்டி, ஒரு ஆள்ட்டயும் பறையாத. வெளிய தெரிஞ்சா எனக்க வேலை போவும்" என்றார் இவர்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சீறினேன்.

சனிக்கிழமை நிர்வாகத்தின் நோட்டீஸ் வந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கூட்டமாக மருத்துவ விடுப்பு எடுக்கத் திட்டம் இருப்பதாக அறிகிறோம், விடுப்பு கேட்பவர்களைக் கம்பெனி டாக்டர் வீட்டுக்கே வந்து பரிசோதிப்பார் என்று இருந்தது. இவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"செவ்வாய் மட்டுமாக்கும் நாங்க தீருமானிச்சது. புதன் எங்கேருந்து வந்துது?"

எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். போட்டுக்கொடுத்தவன் தப்போடு போட்டுக்கொடுத்திருக்கிறான். அந்தத் தப்பு யாருடையதோ அவனே ஆள்.

உடனே ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை பள்ளி விட்டு பஸ்ஸில் வரும்போது, அமரவிளை டீக்கடை முன்னால் கேப்டனும் கம்பெனி மேனேஜரும் நின்று சிரித்துப் பேசியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். சொன்னேன்.

"சும்மா கெட. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றார்.

நான் விடுவேனா? தோசை வைக்கும்போது சொன்னேன், சட்டைக்கு இஸ்திரி போடும்போது சொன்னேன். "பின்ன அந்த மேனேஜருக்கு அமரவிளையில என்ன வேலை?" என்று கேட்டுக் கேட்டே அவர் மனதைக் கரைத்தேன். விமானிகள் கூடிய இடத்தில் இவர் எழுந்து கேப்டனின் பெயரைச் சொன்னார். நாகர்கோவில் போகிற வழியில் மேனேஜரின் காருக்கு டயர் பஞ்சர், கடை காட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான் என்றாராம் கேப்டன். யாரும் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கேப்டனை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பறப்பவர்கள்கூட வேலைக்கு வேண்டியதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வாசலில் ஹார்ன் நின்றது. அவர் வடக்கே எங்கோ மாற்றல் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வேண்டும் அவருக்கு என்று நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் சபையில் வாரம் ஒரு வீடு என்று முறை உண்டு. அவரவர் கவலையைச் சொல்ல, கூட்டம் நடத்தும் சேச்சி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு ஒரு நாள் அதை வாசித்து, ஜெபம் கேட்கப்பட்டதா என்று சாட்சி சொல்லச் சொல்வார். அன்றைக்குப் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"டீச்சருக்க மாப்பிளையும் கூட உள்ள பைலட்டுமாரும் செவ்வாயும் புதனும் சுகமில்லேண்ணு லீவு எடுக்கப் போறாங்க. ஆபத்து ஒண்ணும் வராம இருக்க ஜெபிக்கணும்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "சாட்சி உண்டா மக்களே?"

செவ்வாயும் புதனும்.

புதன்கிழமை என் கணவருக்கு வார ஓய்வு. செவ்வாய் சுகமில்லை, புதன் ஓய்வு. எனக்கு அது அவர் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் இரண்டு நாள். நோட்டீஸுக்கு முந்தின கூட்டத்தில் அப்படியே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். கடவுளிடம் சொல்வதும் ஒரு ஆளிடம் சொல்வதுதான் என்று என் புத்தியில் உறைக்கவே இல்லை.

"சேச்சி, இதை வேற எங்கயாவது சொன்னீங்களா?"

"அய்யோ, இல்லியே. ஜெப குரூப்புல மட்டும் போட்டேன். ஏழு சபைக்காரங்க உண்டுல்லா. எல்லாரும் ஜெபிச்சாதானே பலம்!"

சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாருடைய சொந்தக்காரன் விமானக் கம்பெனி ஆபீஸில் இருக்கிறான்? பாழாய்ப்போன புத்தி அப்போதும் வேறு ஆளைத்தான் தேடியது. பிறகு வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன். சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை இவர் எழும்புவதற்கு முன் அமரவிளைக்குப் போனேன். கேப்டனின் வீட்டு முன்னறை முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க வீட்டுலேருந்துதான் போயிருக்குண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும் டீச்சரே" என்றார். "நம்ம பைலட்டுமாருல புதன் ஓய்வு அவனுக்கு மட்டுமாக்கும். ஆனா நீங்கண்ணு நினைக்கல. பதவி உயர்வுக்கு வேண்டி அவனே சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

"பின்ன ஏன் கூட்டத்துல சொல்லாம இருந்தீங்க?"

"எங்கிட்ட என்ன ஆதாரம் உண்டு? ஆறு வருஷம் எனக்க வண்டியில வந்த பய. அவன் எழும்பி எனக்க பேரைச் சொன்னப்போ, பதிலுக்கு அவன் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல."

அங்கேயே நின்று இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வாறேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே எங்கள் கார் வந்து நின்றது. இரண்டு முறை ஹார்ன். கேப்டன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டத் தொடங்கினார்.