காற்று வீசிய வெள்ளைத் துண்டு

"மரியாதை வீடு தேடி வரும்போது எவனாவது வேண்டாம்பானா?" என்று ஒச்சாயி மதினி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தேன். ஏதாவது ஓர் உத்தியோகத்துக்காக மதுரைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

மதினியின் கணவர் சோணையண்ணன் வண்டிக்காரர். கோரிப்பாளையத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போவார். மாட்டை அடிக்கமாட்டார். மாடு நின்றால் அவரும் இறங்கி நிழலில் படுத்துவிடுவார். "கிளம்புறப்ப அதுவே எழுப்பும்" என்பார். எழுப்பவும் செய்யும். ஊரில் அவருக்கு ஒரு விரோதி கிடையாது.

கோடையில் எங்கள் கண்மாய் (ஊர்ப் பேச்சில் கம்மா) வற்றியதும் ஊரே மீன் பிடிக்கும். ஊர்த் தலைவரான அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்கலாம். வீசியவர் மட்டும் கடைசிவரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அந்த வருஷம் அம்பலகாரர் இறந்துபோனார். துண்டு தனக்குத்தான் என்று அவருடைய பங்காளிகள் மலையாண்டியும் வெள்ளைத்துரையும் மல்லுக்கு நின்றார்கள். தண்ணீரோ முழங்காலுக்கு இறங்கிவிட்டது. இன்னும் தாமதித்தால் மீனெல்லாம் சேற்றில் செத்து நாறும். கடைசியில், சோணை வீசட்டும், அம்பலப் பட்டமும் அவருக்கே என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் ஆளுக்கொரு மூங்கில் கூடையுடன் கரையில் கூடினோம். அண்ணன் துண்டை வாங்கித் தலையைச் சொறிந்தார்.

"நான் கரையில நின்னா என் விராலை யாரு பிடிக்கிறது?"

"யோவ், அம்பலப் பட்டம்யா! மீனா பெருசு?" என்றார் மலையாண்டி.

"எனக்கு மீனுதேன் மாப்ள."

கரையோரக் கருவேல மரத்தில் ஏறி, கிளை நுனியில் துண்டைக் கட்டினார். "காத்து வீசட்டும்."

இலைகூட அசையவில்லை.

"கூறுகெட்ட மனுசா, வீசாட்டி?" என்று மதினி கத்தினார்.

"வாரப்ப வரும்டி" என்று வேரில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஆற்றுப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது. துண்டு விரிந்து படபடத்தது. முதலில் குதித்தவர் வெள்ளைத்துரை. அவரை இடித்துக்கொண்டு மலையாண்டி. இருவரும் ஒரே விராலுக்குப் பாய்ந்து தலை முட்டிச் சிரித்தார்கள். அண்ணன் கையில் சிக்கிய விரால் வழுக்கிக்கொண்டு போனது. சேற்றில் விழுந்து எழுந்தவருக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. மதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கண்மாயில் காற்றுதான் துண்டு வீசுகிறது.

அரண்மனைப் பதவியை விட்டுவிட்டுத் தண்ணீர் போகும் போக்கில் வாழ்ந்த சீன தேசத்து ஞானிகளைப் பற்றிப் பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன். மதினிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அண்ணன் கேட்டார்:

"அவுக ஊர்லயும் கம்மா இருந்துச்சாக்கும்?"

இதை வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பட்டத்துக்குச் சண்டை போடும் ஊர் ஏதாவது தெரிந்தால், முதலில் அங்கே போய்ச் சொல்லுங்கள்.