அம்மாவுக்கு வயது பதினேழு

கணக்குப் புத்தகத்தில் திருவிதாங்கூர் நாணயங்களான சக்கரமும் காசும் போய் அணாவும் பையும் வந்து சேர்ந்த காலம். நான் பதினாலு வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாவது ஃபாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீச்சருக்குப் புத்தகக் கணக்குகள் அலுத்துவிட்டன போலும். அவரவர் வீட்டு ஆட்களின் வயதை வைத்து ஒரு கணக்கு உண்டாக்கி வரச் சொன்னார். விடை முழு எண்ணாக வர வேண்டும், அவ்வளவுதான்.

கரமனையில் எங்கள் வீட்டு அடுக்களையில் சித்தி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போனபிறகு அப்பா நாஞ்சில்நாட்டிலிருந்து கல்யாணம் செய்து அழைத்து வந்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவளை அடிக்க ஆளில்லையாம். கல்யாணத்தோடு படிப்பு நின்றது. விஷயத்தைச் சொன்னதும் கையை அலம்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பா வயது எப்போது என் வயதுக்கு மும்மடங்காகும் என்று போட்டுப் பார்த்தோம். ஒன்றரை வருஷம் என்று உதைத்தது.

“என் வயசைப் போட்டுப் பாருடீ. ஒங்கப்பாக்கு நாப்பத்தஞ்சு, நேக்குப் பதினேழு. எப்போ ரெண்டு மடங்காகும்?” என்றவள், நான் பென்சிலை எடுப்பதற்குள் தானே சொல்லிவிட்டாள். “பதினோரு வருஷம் கழிச்சு! அம்பத்தாறு, இருபத்தெட்டு. கச்சிதமா வந்துடுத்து, பாத்தியா!”

எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்தக் கணக்கில் வேறு எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கரும்பலகையில் பெருமையாக எழுதினேன். அப்பாவுக்கு நாற்பத்தைந்து, அம்மாவுக்குப் பதினேழு. டீச்சர் சிரித்துக்கொண்டே, “தெற்றிப்போயல்லோ, குட்டி” என்று தப்பைத் திருத்துவதாக எண்ணிப் பதினேழின் ஒன்றை அழித்துவிட்டு மூன்றைப் போட்டார். அம்மாவுக்கு முப்பத்தேழாகிவிட்டது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முப்பத்தேழுக்கு இருமடங்கு இப்போதே எழுபத்துநாலு, அது வருஷத்துக்கு இரண்டாக ஏறும், அப்பா அதை எந்தக் காலத்திலும் எட்டமாட்டார், விடையே வராது என்று வாதாடினேன். கடைசியில், “பதினேழுதான் டீச்சர். என் சித்தி” என்றேன்.

 பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்றாள், தொடர்ந்து எல்லோரும். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பலகையை முழுக்கத் துடைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அப்பாவை நினைக்கவே கூசியது. தினமும் ஒரே வீட்டில் இருந்தும் இதைப் பலகையில் எழுதிய பிறகுதான் பார்த்தேன் என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“டீச்சர் என்ன பறஞ்சா?”

“ஒன் வயசை முப்பத்தேழுன்னு திருத்திட்டா.”

“ஐயோ, அப்பறம் உத்தரம் வராதே! நீ சொன்னியோ?”

“சொன்னேன். பதினேழுதான்னு சொன்னேன்.”

“அப்பறம்?”

“எல்லாரும் சிரிச்சா.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகம் மட்டும் மெல்ல வாடியது. உள்ளேயிருந்து அப்பா காபி கேட்டுக் குரல் கொடுத்தார். போகத் திரும்பியவள் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்: “கணக்கு சரின்னு அவாளுக்குத் தெரிஞ்சுதோல்லியோ?”

தெரிந்ததால்தான் சிரித்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.