வாட்டர் பெல் எபிசோடு

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளியின் பாட்காஸ்ட். ‘கேட்டுவிட்டுத் தங்கள் மேலான கருத்தைப் பகிரவும்’ என்று கூப்பிய கைகளோடு ஒரு செய்தி.

கேட்டேன். முதலில் வீணை. பிறகு தலைமை ஆசிரியை காலந்தவறாமை பற்றி வாசிக்கிறார். பிறகு ஒரு மாணவி, அதே காலந்தவறாமை பற்றி வாசிக்கிறாள். மறுபடியும் வீணை. ஒரு இருமல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட மாதிரி அவ்வளவு சுத்தம்!

மேலான கருத்து எதையும் நான் அனுப்பவில்லை. இதே பாட்காஸ்ட் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது அது வேறு மாதிரி இருந்தது...

கிருஷ்ணவேணி அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. கல்லூரியில் எனக்கு ஜூனியர். போன கல்வியாண்டின் தொடக்கத்தில் போன் செய்தாள்.

“அக்கா, பிள்ளைங்கள வச்சு பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போறேன். ஒரு நாள் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க.”

“எனக்கே ஒண்ணும் தெரியாதே வேணி.”

“ரேடியோவுல பேசிருக்கீங்கள்ல? அம்புட்டுத்தான். மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

போனேன். ஸ்டூடியோ எது தெரியுமா? பள்ளி நூலகம். சுற்றிலும் பூட்டிய பீரோக்கள். கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் சமர்த்தாக நின்றன. பாட்காஸ்ட் புண்ணியத்தில்தான் அந்த அறையையே அடிக்கடி திறக்கிறார்கள் என்றாள் வேணி. எதிரொலி வராமலிருக்க பி.டி. டீச்சரிடம் கெஞ்சி வாங்கிய பாய்களைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். மைக் என்பது வேணியின் செல்போன்தான். அதன் மேல் ஒரு துப்பட்டா. ஜன்னலுக்கு வெளியே மயில் அகவியது. திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன் வேறு.

“இதெல்லாம் ரெக்கார்ட் ஆயிருமே டீச்சர்?” என்றது ஒரு பெண்.

“ஆகட்டும்டி. நாம இருக்கிற எடம் அதானே” என்றாள் வேணி.

எனக்கு அப்போதே அந்தப் பாட்காஸ்ட்டைப் பிடித்துவிட்டது.

கேட்ட பெண்ணின் பெயர் முத்துலட்சுமி. ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நெல் வயல். ஒல்லியாக, கண்ணெல்லாம் கேள்வியாக இருந்தாள். நான் அன்றைக்கு ரொம்பப் பெரிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. “ஒருத்தர்கிட்ட கேள்வி கேட்டா, அவங்க பதில் சொல்லி முடிச்சதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க. அப்பத்தான் நெசமான பதில் வரும்” என்றேன். எங்கோ படித்ததுதான். முத்துலட்சுமி மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் சில எபிசோடுகள் ஜோராகப் போயின. சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் பேட்டி. பஸ்ஸில் தினமும் சீட் பிடிப்பது எப்படி என்று ஒரு கலகலப்பு. அழகர்கோவில் மலையில் ஒருத்தியின் டிபன் பாக்ஸைக் குரங்கு தூக்கிப் போன கதை. அம்மாக்கள் சமையலறையில் செல்போனை வைத்துக்கொண்டு கேட்டார்களாம். “எம் பொண்ணு வீட்டுல கூட இம்புட்டுப் பேச மாட்டா டீச்சர்” என்று ஒரு அம்மா வந்து சொன்னதாக வேணி சொன்னாள். அப்போது அவள் குரலில் ஒரு துள்ளல்.

அடுத்து, தண்ணீரின் அவசியம் என்று ஒரு எபிசோடு. இதைவிடப் பத்திரமான தலைப்பு உலகத்தில் உண்டா?

பள்ளிகளில் இப்போது வாட்டர் பெல் என்று ஒன்று அடிக்கிறார்கள். பாடத்துக்கு நடுவே மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. முத்துலட்சுமி தன் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கேட்கிறாள்:

“வாட்டர் பெல் அடிச்சா தண்ணி குடிக்கிறியா?”

“குடிக்கிறேன்.”

முத்துலட்சுமி பேசவில்லை. சும்மா இருக்கிறாள். மயில் ஒரு தடவை அகவுகிறது.

“...இல்ல. குடிக்கிற மாதிரி பாட்டில வாயில வைப்பேன்.”

“ஏன்?”

“குடிச்சா போகணும்ல? பாத்ரூம்ல தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். தண்ணியும் வராது. வீட்டுக்குப் போய்த்தான் போவேன்.”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்குமா?”

“நீ மட்டும் என்ன? நீயும் அப்படித்தான்டி!”

இருவரும் சிரிக்கிறார்கள். பிறகு வேறு குரல்கள் சேர்ந்துகொள்கின்றன. நானும் அப்படித்தான், நானும் அப்படித்தான்... ஒருத்தி, நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்கிறாள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். அதற்கும் சிரிப்பு.

மதுரை கோச்சடையில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். நானும் முதலில் சிரித்தேன். பிறகு கையிலிருந்த காபி ஆறிப்போனது.

வேணி அதை வெட்டாமல் வெளியிட்டாள். யோசித்துத்தான் செய்தாள். ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறாள். “பாக்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது. பிள்ளைகள் வாயால் வந்தால் கொஞ்சம் அசைவார்கள் என்று நினைத்தாள்.

அசைந்தார்கள். ஆனால்...

மறுநாள் காலை பள்ளி வாசலில் அப்பாக்கள் கூடிவிட்டார்கள். “காலையில குடிக்கிற ஒரு டம்ளர் தண்ணியோட எம் பிள்ளை சாயங்காலம் வரைக்கும் இருக்குதாம்ல? நீங்க என்ன ஸ்கூல் நடத்துறீங்க?” என்று ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார். மதியத்துக்குள் எபிசோடு நீக்கப்பட்டது. மாலையில் முத்துலட்சுமியின் அப்பாவுக்கு அழைப்பு.

அந்த அறையில் வேணியும் இருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியை கோபமாகக்கூடப் பேசவில்லையாம். “உங்க பொண்ணு நல்லாப் பேசுறா. ஆனா பொம்பளப் பிள்ளைங்க விஷயத்த ஊரே கேக்குற மாதிரி பேசுனா, நாளைக்கு யாருக்குக் கெட்ட பேரு? அவளுக்குத்தான?” என்றிருக்கிறார்.

முத்துலட்சுமியின் அப்பா வயலிலிருந்து நேராக வந்தவர். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “தப்புத்தாங்கம்மா. இனிமே வாயத் தொறக்க மாட்டா. நான் பாத்துக்கிறேன்.”

“நான் பொய் சொல்லலயேப்பா” என்றாளாம் முத்துலட்சுமி.

“பேசாம இரு தாயி.”

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது என்றாள் வேணி. “அவளுக்குப் பரிஞ்சு நான் ஏதோ சொல்ல ஆரம்பிச்சேன்க்கா. ‘நீங்க இருங்க டீச்சர்’னுட்டாங்க. இருந்துட்டேன்.”

நான் பள்ளியின் தாளாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். காபி கொடுத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“குறை இருந்தா நேர்ல வந்து சொல்லலாம்ல மேடம்? சரி பண்ண மாட்டோம்னா சொல்றோம்? இப்ப பாருங்க, வெளிய கேட்டுருச்சு.”

“உள்ள யாருக்கும் கேக்கலயே சார்.”

சிரித்தார். “எழுத்தாளர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எதுவும் மாறவும் இல்லை.

இல்லை, தப்பு. ஒன்று மாறியது. அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவள். கொஞ்ச நாளிலேயே தச்சரும் பிளம்பரும் வந்தார்கள். எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள். குழாயில் தண்ணீர். வாளி, குவளை எல்லாம் புதுசு. இப்போது வாட்டர் பெல் அடித்தால் பிள்ளைகள் நிஜமாகவே குடிக்கிறார்களாம். இந்தத் தாழ்ப்பாளை வைத்து ஒரு சிலேடை எழுதலாம். என் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. மனம் வரவில்லை.

பாட்காஸ்ட் வேணியின் பொறுப்பிலிருந்து போனது. இப்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகுதான் வாசிக்கிறார்கள். முத்துலட்சுமியின் பெயர் அதில் இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஏரியா நூலகத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை வைத்து ஒலிப்பதிவு செய்கிறார்கள். நூலகர் தங்கமான பெண்மணி. எந்தப் பிள்ளை எது பேசினாலும், கன்னத்தில் கை வைத்துக் கேட்பவர். முத்துலட்சுமியை இங்கே அழைத்து வந்தால் என்ன? அது பள்ளி, இது நூலகம். இங்கே யார் தடுக்கப் போகிறார்கள்?

வேணி மூலம் அவள் அப்பாவிடம் பேசினேன். தயங்கினார். பிறகு, “நீங்க இருக்கீங்கள்ல, கூட்டியாரேன்” என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டி வந்து இறக்கிவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார்.

முத்துலட்சுமி ஒரு பிடி வளர்ந்திருந்தாள். இங்கே நிஜ மைக் இருக்கிறது. சுற்றிச் சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன வேணா பேசும்மா. நூலகர் மேடத்துகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளு. எங்கிட்டயும் கேக்கலாம்” என்றேன்.

மைக்கைப் பார்த்தாள். ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்தாள்.

“மேடம்... இத யாரெல்லாம் கேப்பாங்க?”

உலகத்தில் பாட்காஸ்ட் நடத்துகிற அத்தனை பேருக்கும் இருக்கிற கேள்விதான் இது. யாராவது கேட்க மாட்டார்களா என்பது அவர்கள் கவலை. இவள் கவலை வேறு. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“யாரு வேணா கேக்கலாம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ரொம்பப் பணிவாக, “மரம் வளர்ப்பு பத்தி பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணது இருக்கு. அதச் சொல்லட்டுமா மேடம்?” என்றாள்.

சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. நூலகர், சிறு பிள்ளைகள், வெளியே நின்ற அப்பா, எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குத்தான் கை எழவில்லை.