வாப்பாவின் நோன்பும் மகாதேவன் சாரின் கவிதையும்

நானும் வாப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை தண்ணீர் டிரம் கழுவியது. நான் சாய்த்துப் பிடித்தேன், அவர் உள்ளே தேய்த்தார்.

"ஏட்டி சஃப்ரீன், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிட்டு மாட்டுங்கா போயிட்டு வந்துருதேன்."

"சார்ட்ட போன்ல சொன்னாப் போதாதா வாப்பா?"

"போதாது. அவரு மனசு நோவாம சொல்லணும். அவரு புக்கு வாரதுக்குள்ள சொல்லணும்."

வாப்பா பெயர் நாகூர் மீரான். மும்பை தாராவியில் ஒரு பட்டறையில் தோல் பை தைத்தார். என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தது அந்தத் தையல். மகாதேவன் சார் மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர், பை வாங்க வந்து பழகியவர். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் கவிதைகளைத் தமிழாக்குகிறார். திராட்சைத் தோட்டக் கூலிகள், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைப் பெண்கள் பற்றியவை. பட்டறையில் உட்கார்ந்து வாசித்தும் காட்டுவார்.

"பழம் பறிக்கிறவன் மவனே எழுதியிருக்கான். அதாம்ட்டி, அவன் வாப்பா சிரிக்கிறதும் அதுல இருக்கு" என்று வாப்பா சொல்வார்.

அப்படி ஒன்று தாமே எழுத சாருக்கு ஆசை. போன ரமலானில் ஒரு மதியம் பட்டறைக்கு வந்தார். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

"நீங்க சாப்பிடலையா?"

"இல்ல சார்."

நோன்பைச் சொல்லிக்காட்டுவது வாப்பாவுக்குப் பிடிக்காது. சிரித்துவிட்டுத் தைத்தார்.

கவிதை பத்திரிகையில் வந்தது. காய்ந்த உதடு, வெறும் வயிறு, சோற்றுக்கு வழியில்லாத நாகூர் மீரான். பெயரையே போட்டிருந்தார். பட்டறையில் கூடத் தைக்கும் செல்லப்பாண்டி அதை உரக்க வாசித்தான். அன்றிலிருந்து இதுதான்: "என்ன பட்டினி பாய், ஒரு கட்டிங் சாயா, அரை கிளாஸ்தான், குடிக்கியளா? இல்ல, அதுக்கும் கவிதை வந்துருமா?" எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும்தான். வீட்டுக்கு வந்து கேட்டார்: "அல்லாவுக்கு வச்ச நோன்ப இல்லாமைன்னு எழுதிட்டாரே. உங்களுக்கு நான் சோறு போடலையாட்டி?"

டிரம் கழுவிய அந்த வாரமே, வியாழக்கிழமை, தையல் மிஷின்மேலேயே சரிந்தார். மாரடைப்பு. மறுநாள் அடக்கம் செய்தோம்.

சார் துக்கம் கேட்க வந்தார். "புஸ்தகத்துல முதல் கவிதையே அவர்தாம்மா."

"அது நோன்பு சார். அன்னைக்கு ரமலான்."

"இருந்தாலும் பசி பசிதானேம்மா? அவர் ஒருத்தரைப் பத்தி மட்டும் இல்லையே, உழைக்கிற வர்க்கமே…"

"பேரு அவர் பேரு."

"அச்சுக்குப் போயிடுத்தே."

சாயா குடித்துவிட்டுப் போனார்.

வாப்பா வேறு வழி வைத்திருந்தார் என்று உம்மா பிறகு சொன்னாள். எதையும் நீக்கச் சொல்லப் போகவில்லை அவர். வரும் ரமலானில் ஒரு நாள் எங்களோடு நோன்பு திறக்க வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடத்தான் மாட்டுங்கா போக இருந்தார். புக்கு வந்தபின் கூப்பிட்டால் குத்திக்காட்டியதாகிவிடுமாம். நோன்புக் கஞ்சி குடிக்கையில் சாருக்கே புரிந்துவிடுமாம்.

ரமலான் பிறந்துவிட்டது. சாரை யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிடப் போவதுமில்லை.