காப்புக்குள் நுழையும் கிளை

என் மூத்த மகன் மரத்தில் ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்குத்தான் பயம். சவுக்கு மரத்து உச்சியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்று, கீழே ஒரு தேயிலைச் செடிகூட நசுங்காமல் கிளையை இறக்கிவிடுவான். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் அவனைப் போல மரம் கழிக்க ஆளில்லை என்று நான் சொன்னால், பெற்றவள் பேச்சு என்பார்கள். சொல்லட்டும். உள்ளது உள்ளதுதான்.

தொல்லை எல்லாம் கிளை கீழே வந்த பிறகுதான். தோட்டத்துப் பாதையை அடைத்துக்கொண்டு மலை போலக் கிடக்கும். அவனும் அவனோடு வேலை செய்கிற ஆட்களும் இழுத்து ஓரம் போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கொழுந்து ஏற்றிய லொறி அந்தப் பக்கம் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன தோட்டத்துத் துரை ஒரு நாள் அவனைக் கூப்பிட்டார். டிவிசன் முழுக்க நிழல் மரம் கழிக்கப் போகிறோம், கழித்த கிளையை அங்கேயே அரைத்துத் தேயிலைக்கு அடியில் பரப்ப வேண்டும், சிப்பர் மெசின் வைத்திருப்பவனுக்குத்தான் வேலை என்றார். ஒரு நாள் செய்து காட்டவும் சொன்னார். அன்று சாயந்திரம் கொழுந்து லொறி நிற்காமல் போனால் வேலை இவனுக்கு. நின்றால் பண்டாரவளை ஆட்களுக்கு.

மகன் வீட்டுக்கு வந்து, "இது போச்சுன்னா நான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருவேன்" என்றான். மரத்து உச்சியில் நிற்கிறவன் கடையில் பொட்டலம் மடிப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய மெசின் விற்கிற முதலாளி ஒருவர் பண்டாரவளையில் இருக்கிறார். மகன் அவரைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் பஸ்சில் ஏறிவிட்டேன்.

"மெசின் பாக்க நீ எதுக்கும்மா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

முதலாளியின் வளவில் இரண்டு மெசின்கள் நின்றன. ஒன்று சிவப்பு. லொறிக்குப் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். அதன் வாய்க்குள் இரண்டு இரும்பு உருளைகள் இருந்தன. கிளையின் நுனியைக் காட்டினால் போதுமாம், அதுவே இழுத்துக்கொள்ளுமாம். இன்னொன்று பச்சை. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு உருளை இல்லை. கையால்தான் கொடுக்க வேண்டும்.

முதலாளி ஏதோ புத்தகத்தை விரித்துப் படித்துக் காட்ட வந்தார். "எழுத்து வேணாங்க மொதலாளி, மெசினக் காட்டுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டு சிவப்பு மெசினின் முதுகைத் தடவினார். "இதுக்குத் தொடை மொத்த மரமும் வாழத்தண்டு மாதிரிம்மா. பச்சைக்கு அவ்வளவு வயிறு இல்ல. மெல்லிசு மட்டுந்தான்."

"உள்ள போன கிளைய வெளிய எடுக்கலாமா?"

வாய்க்கு மேலே இருந்த ஒரு கம்பியைத் தள்ளிக் காட்டினார். தள்ளினால் உருளை பின்னால் சுற்றுமாம்.

"கை போச்சுன்னா?"

"கை போகவே கூடாதும்மா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முதலாளியை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மகன் கண் சிவப்பை விட்டு நகரவில்லை. ஒரு நாள் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள்கிறேன் என்று பேசி முடித்தான்.

அந்த நாள் வந்தது. எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு மேலே பாதை முழங்கை போல மடங்கும். மெசினை இழுத்து வந்த லொறி அதில் வளைந்துவிட்டது. பின்னால் வந்த சிவப்பு மெசின் வளையவில்லை. முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள், கடைசியில் அங்கேயே பாதையை விட்டு ஓரமாக நிறுத்திவிட்டுக் கிளைகளை மெசினிடம் இழுத்து வந்தார்கள். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வராமல் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குத் தூக்கிப் போன கதை.

ஆனால் ஓட விட்டதும் அதெல்லாம் மறந்துபோனது. அப்பா, என்ன சத்தம்! லயத்து நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. ஒரு பக்கம் முழுக் கிளை போகிறது, மறு பக்கம் தேங்காய்ப்பூ போலத் தூளாகப் பறக்கிறது. பச்சை மரத்து வாசம் லயம் வரைக்கும் இறங்கியது. மகன் காதை மூடிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையால் சாடை காட்டினான், தள்ளி நில், முந்தானையைச் செருகு என்று. நான் செருகிக்கொண்டேன். தள்ளி நிற்கவில்லை. பெற்ற மகன் வேலை செய்வதை எட்ட நின்றா பார்ப்பார்கள்?

சாயந்திரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் கயிறு, தலையில் சும்மாடு. தோட்டத்தில் மரம் கழித்தால் விறகு லயத்துப் பெண்களுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை. துரைமார் மாறுவார்கள், இது மாறாது. சமையல் கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் மறுபடி விறகு அடுப்புதான். அந்த அடுப்புச் சோற்றில் வளர்ந்த என் மகன், மெசினுக்குத் தீனி போடுகிற மும்முரத்தில், தடியான கொம்புகளையும் சேர்த்து அரைத்துத் தள்ளிவிட்டான்.

லயத்தில் எனக்கு அடுத்த அறை, என் பக்கத்துக் காம்பராக்காரி, முன்னால் வந்தாள். அவளுக்கும் என் வயதுதான், வாய் மட்டும் இளசு.

"எங்கடா வெறகு?"

மகன் மெசினை நிறுத்திவிட்டுத் தூளைக் காட்டினான். அவள் ஒரு கை அள்ளிப் பார்த்தாள்.

"இத அடுப்புல வச்சா, ஊதி ஊதியே என் உசுரு போயிரும்."

சொல்லிவிட்டு, அடுத்து அரைக்க இருந்த கிளைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். குவியலே தெரியவில்லை.

"அத்தே, எந்திரிங்க. லொறி வர்ற நேரமாச்சு."

"வரட்டும்யா. வெறகு இல்லாம நாங்க எந்திரிக்க மாட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, ஒன் வீட்டுக்கு மட்டும் கரண்டு அடுப்பு வந்துருச்சா? வாயத் தெறக்காம நிக்கிற?"

நான் என்ன சொல்ல? அந்தப் பக்கம் நிற்கிறவன் நான் பெற்றவன். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள் நான். என் வீட்டு விறகும்தானே தூளாகிக் கிடந்தது? "வெறகு குடுத்துட்டு மெசின ஓட்டுடா" என்றேன்.

மகன் இறங்கி வந்தான். "சரி அத்தே. மொத்தமானது ஒங்களுக்கு. மெல்லிசு மெசினுக்கு."

"மொத்தம்னா எம்புட்டு மொத்தம்?"

அவன் மரம் ஏறி முறுக்கேறிய தன் புஜத்தைக் காட்டினான். பெண்கள் சிரித்த சிரிப்பில் மலையே அதிர்ந்தது. அவள் தன் சுண்டு விரலை நீட்டினாள். இப்போது ஆண்கள் சிரித்தார்கள். புஜத்துக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே மீன் கடையில் நடப்பது போல விலை பேசினார்கள். தூரத்தில் கொழுந்து நிறுவை முடிந்து லொறியில் சாக்கு ஏற்றுவது தெரிந்தது. மகன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பார்ப்பான்.

திடீரென்று அவள் என் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

"இந்தா, இவ காப்பு! இதுக்குள்ள நொழைஞ்சா மெசினுக்கு. நொழையலேன்னா எங்களுக்கு. சரியாய்யா?"

லயத்தில் என் மணிக்கட்டைவிடச் சின்ன மணிக்கட்டு இல்லை. அது அவளுக்குத் தெரியும். "ஒன் காப்புன்னா வாளியே நொழையும்டி" என்றேன். மகன் மெசினையும் பார்த்தான், பாதையையும் பார்த்தான். "சரி அத்தே" என்றான்.

கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் காப்பு. கடைசியாகக் கழற்றிப் பல காலம். தண்ணீர் பீலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சவர்க்காரம் தேய்த்து, இரண்டு பேர் பிடித்து இழுத்து, கொஞ்சம் தோலோடு கழற்றினார்கள்.

காப்பை யார் கையில் கொடுப்பது? ஆண்கள் கையில் பெண்கள் விடவில்லை. பெண்கள் கையில் ஆண்கள் விடவில்லை. நானே வைத்துக்கொண்டேன். கிளை வரும், அடியில் மாட்டிப் பார்ப்பேன். நுழைந்தால் "மெசின்!" என்பேன். நுழையாவிட்டால் "அடுப்பு!" என்பேன். அடுப்புக்கு என்றால் ஒருவன் பல் வைத்த வாளால் அறுத்துப் போடுவான், பெண்கள் உடனே கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பாதையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது தடிக்கொம்புகள்தான். அவற்றைச் சுமக்க இத்தனை தலைகள் இருந்தபோது பாதை கண் முன்னால் வெறுமையானது.

லொறி வந்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் ஹோர்னில் கை வைத்துக்கொண்டே வந்தார். அடிக்க வேலை வரவில்லை. தூள் மேல் சக்கரம் மெத்தென்று ஏறிப் போய்விட்டது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த துரை, தேயிலைக்கு அடியில் பரப்பியதைக் காலால் கிளறிப் பார்த்தார். "நாளைக்கே ஆரம்பி" என்றார். மகன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று சொன்னான்.

அடுத்த நாள் காலையிலேயே சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பச்சையை எடுத்தோம். காப்புக்குள் நுழைவதை அரைக்க அந்த மெசின், யானைக்குக் கீரைக்கட்டுப் போட்ட மாதிரி.

"பச்சையப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார் முதலாளி.

"சொன்னீங்க. சிவப்பத் தடவிக்கிட்டே சொன்னீங்க."

பச்சை மெசின் எந்த வளைவிலும் திரும்பும். குணம் மட்டும் கொஞ்சம் பிடிவாதம். அடிப்பக்கத்தை முதலில் கொடுக்க வேண்டும். ஈர இலையை மட்டும் திணித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், நடுவில் காய்ந்த குச்சி கொடுக்க வேண்டும். மண் ஒட்டிய கொப்பைக் கொடுத்தால் கத்தி மழுங்கிவிடும். இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டு யாரும் கிட்டே வரக் கூடாது. படங்கு கொழுந்து எடுக்கத்தான் நல்லது, மெசினுக்குப் பக்கத்தில் அது தூண்டில்.

ஒரு நாள் மகன் சொன்னான். "காப்பக் குடுத்துட்டு நீ வீட்டுல இரும்மா. இல்லாட்டி அதே அளவுக்கு ஒரு இரும்பு வளையம் அடிச்சுக்கிறேன்."

பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்பைச் சுத்தியலால் அடித்துப் பெருசாக்கிவிடுவார்கள் என்றார்கள். நானும் காப்பு தனியாக எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டேன். அதனால் மரம் கழிக்கிற நாளெல்லாம் எனக்கும் வேலைதான். மகன் எனக்கு ஒரு மஞ்சள் தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறான். கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாக உட்காருகிறது.

நேற்று இலையும் கொப்பும் இல்லாத ஒரு மொட்டைக் கிளை வந்தது. இந்த முறை நுனியில் மாட்டினேன், காப்பு வழுக்கிக்கொண்டு போய் நடுவில் ஒரு கணுவில் மாட்டிக்கொண்டது.

"நொழையல! அடுப்புக்கு!" என்றாள் என் பக்கத்துக் காம்பராக்காரி.

"அத்தே, பாதி நொழைஞ்சிருச்சுல்ல?" என்றான் மகன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மெசின் உறுமிக்கொண்டு நின்றது.

"கணுவுக்கு இங்கிட்டு மெசினு, அங்கிட்டு அடுப்பு" என்றேன். "அறுடா."